கோடு போட்டு விட்ட கட்டம்

கணக்கு வாத்தியாராக 26 வருஷம் வேலை பார்த்தவன் நான். என் வாழ்க்கையில் நான் விட்ட பெரிய கணக்குப் பிழை ஒரு வங்கிப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. "பிணையாளரின் சொந்தக் கடன்கள், பிறருக்குக் கொடுத்துள்ள பிணைகள்" என்று ஒரு கட்டம். அதில் குறுக்கே ஒரு கோடு போட்டு, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த நாளில் எனக்கு வீட்டுக் கடன் பாக்கி இருந்தது. ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் வாங்கிய 3.5 லட்சம் இருந்தது. அதே சொசைட்டியில் கூட வேலை பார்க்கும் இரண்டு பேருக்கு ஜாமீனும் போட்டிருந்தேன். எல்லாம் தெரிந்தேதான் கோடு போட்டேன்.

2016 ஆகஸ்ட். என் மனைவியின் தம்பிக்குப் பள்ளிபாளையத்தில் தறிக்கூடம். கூலிக்கு நெய்துகொண்டிருந்தவன், சொந்தமாக நூல் வாங்கி ஓட்டலாம், ஆறு தறி கூடுதலாகப் போடலாம் என்று 12 லட்சத்துக்குக் கடன் கேட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். "மாமா, ஒரே ஒரு கையெழுத்துதானுங்க. வட்டி, அசல் எல்லாம் நானே கட்டிப் போடுவேன்." அடுப்படியில் மனைவி பாத்திரம் விளக்கும் சத்தம் நின்றுபோனது. அந்தச் சத்தம் நின்ற பிறகு எந்தக் கணவனாலும் மறுக்க முடியாது என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

அவனிடம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "வேற கடன் எதும் இருக்குதாப்பா?" "சில்லறை இருக்குதுங்க மாமா, சமாளிச்சுக்கலாம்." சில்லறை என்றால் எவ்வளவு என்று கேட்கவில்லை. பத்தாம் வகுப்புப் பையன் விடைத்தாளில் "சில்லறை" என்று எழுதியிருந்தால் நான் முட்டை போட்டிருப்பேன்.

படிவத்தை நிரப்பிக் கொடுத்தது திட்ட அறிக்கை தயாரித்த ஆடிட்டர் அலுவலகப் பையன். என் கடன்களைச் சொன்னேன். "சார், அதெல்லாம் எழுதுனா உங்க ஜாமீன் பத்தாதுன்னு இன்னொரு ஆளக் கேப்பாங்க. கோடு போட்டு விடுங்க" என்றான். அவன் சொன்ன காரணத்தை அப்போது நான் யோசித்திருக்க வேண்டும். என் கடன் தெரிந்தால் வங்கி என்னை ஏற்றுக்கொள்ளாது என்றால், அந்தத் தகவல் அவர்களுக்குத் தெரிய வேண்டிய தகவல் என்றுதானே அர்த்தம்?

கடன் கிடைத்தது. நவம்பரில் பணமதிப்பிழப்பு. அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி. தறி ஓட்டுபவர்கள் அந்த இரண்டு வருஷத்தை எப்படிக் கடந்தார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய கதை. 2018 பிப்ரவரியில் வங்கியிலிருந்து எனக்கு முதல் போன் வந்தது. இரண்டு தவணை நிற்கிறது, சொல்லிக் கட்டச் சொல்லுங்கள் சார் என்றார்கள், மரியாதையாகத்தான். மைத்துனனிடம் சொன்னேன். கட்டிவிடுகிறேன் என்றான்.

அதற்கப்புறம் இரண்டு வாரத்தில் இன்னொரு போன் வந்தது. அதைப் பற்றி எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஈரோட்டு நூல் வியாபாரி ஒருவர், எனக்கும் தெரிந்தவர், அவர் மகன் என்னிடம் படித்தவன். "சார், உங்க மச்சான் 90 நாள் கடனுக்கு நூல் கேக்குறாருங்க. போடலாமுங்களா?" வங்கித் தவணை நிற்பது அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரியும். "நம்ம பையன்தானுங்க, தைரியமாப் போடுங்க, நான் இருக்கேன்" என்றேன். அவர் போட்டார். 1,40,000 ரூபாய்க்கு.

2019-ல் கடன் வாராக்கடனானது. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் அந்த வகையில் சேர்த்துவிடுவார்கள். முழுத் தொகையையும் உடனே கட்டச் சொல்லி இருவருக்கும் நோட்டீஸ். அடுத்த வருஷம் வழக்கு, அவன் முதல் பிரதிவாதி, நான் இரண்டாம் பிரதிவாதி. "அவன்கிட்ட வசூல் பண்ணிட்டு, முடியலன்னாதானே என்கிட்ட வரணும்?" என்று வக்கீலிடம் கேட்டேன். இதைக் கேட்காத ஜாமீன்தாரரை அவர் பார்த்ததே இல்லையாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 128: கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பும் அவ்வளவு. முதலில் அவனைத் துரத்தி முடித்துவிட்டு வா என்று கடன் கொடுத்தவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று பேங்க் ஆஃப் பீகார் – தாமோதர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது. அவன் வெறுங்கையன், நான் சம்பளக்காரன் என்றால் நேராக என்னிடம் வருவதில் சட்டப்படி ஒரு தடையும் இல்லை.

சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அன்றைக்கே தெரிந்துகொண்டேன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவுப்படி முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. கணக்கில் எடுக்கும் சம்பளம் 61,000 என்று வைத்துக்கொண்டால் மாதம் 20,000 வரை போகலாம். ஒரே தீர்ப்பாணைக்கு மொத்தம் 24 மாதம்தான் பிடிக்கலாம் என்பது ஓர் ஆறுதல். ஆனால் ஜப்தி உத்தரவு தலைமையாசிரியர் மேசைக்கு வரும். நடத்தை விதிகள் கடனாளியாகவே வாழும் அரசு ஊழியரைப் பற்றித் தனியாகப் பேசுகின்றன. சம்பளத்தை விட அந்தப் பேச்சுக்குத்தான் நான் பயந்தேன்.

வழக்கோடு வங்கி தாக்கல் செய்த ஆவணங்களில் கணக்குப் பட்டியல் இருந்தது. வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். பழக்க தோஷம், கூட்டிப் பார்த்தேன். கடன் வரவு வைத்த அன்றைக்கே 4,31,000 ரூபாய் அதே கிளையில் இருந்த இன்னொரு கணக்குக்குப் போயிருந்தது. மைத்துனனின் பழைய சிசி கணக்கு, அதாவது ஒரு வரம்பு வரைக்கும் எடுத்து எடுத்துக் கட்டும் தொழில் கடன் (கேஷ் கிரெடிட்). பல மாதமாக வரம்பு மீறிக் கிடந்த கணக்கு அது. என்னிடம் சொன்னது ஆறு தறி. உண்மையில் வாங்கியது மூன்று. மீதிப் பணம் பழைய ஓட்டையை அடைக்கப் போயிருந்தது. அந்தப் பழைய பாக்கி அவனுக்குத் தெரியும், வங்கிக்கும் தெரியும். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேரில் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

"ஏமாத்திட்டாங்க சார், இந்த ஜாமீன் செல்லாது" என்று எழுந்தே நின்றுவிட்டேன். வக்கீல் தேநீர் வரவழைத்தார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். ஒப்பந்தச் சட்டத்தில் 142, 143 என்று இரண்டு பிரிவுகள் ஜாமீன்தாரருக்காகவே இருக்கின்றன. பரிவர்த்தனையின் முக்கியமான பகுதி பற்றிக் கடன் கொடுப்பவர் தாமே பொய் சொல்லியோ, அவர் அறிந்து ஒப்புக்கொண்டு வேறொருவர் சொன்ன பொய்யாலோ ஜாமீன் வாங்கினால் 142-ன்படி அது செல்லாது. முக்கியமான ஒரு விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்து ஜாமீன் வாங்கினால் 143. இந்த 143-க்குச் சட்டப் புத்தகத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ஒருவன் இன்னொருவனுக்கு 2,000 டன் இரும்பு தருகிறான், மூன்றாவது ஆள் ஜாமீன் நிற்கிறான். ஆனால் சந்தை விலைக்கு மேல் டன்னுக்கு 5 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, அதைப் பழைய கடனில் கழித்துக்கொள்வது என்று முதல் இருவருக்குள் ரகசிய ஏற்பாடு. ஜாமீன்காரனுக்கு அது தெரியாது. அவன் பொறுப்பாக மாட்டான் என்கிறது சட்டம். படித்தபோது எனக்காகவே எழுதி வைத்த மாதிரி இருந்தது.

ஆனால் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. இந்தப் பழைய பாக்கி விவகாரமே 1845-ல் ஸ்காட்லாந்திலிருந்து, அன்றைக்கு அவர்களின் உச்ச நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரபுக்கள் சபை வரைக்கும் போயிருக்கிறது. ஹாமில்டன் – வாட்சன் வழக்கு. புதிய கடனை வைத்துப் பழைய கடனை அடைத்ததை வங்கி ஜாமீன்தாரரிடம் சொல்லவில்லை. அங்கே ஜாமீன்தாரர் தோற்றார். வங்கித் தொழிலில் புதுக்கடன் பழைய கடனை அடைக்கப் போவது சாதாரணம், யாரும் எதிர்பார்க்கக் கூடியதுதான், சந்தேகம் இருந்தால் நீ கேட்டிருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வழக்கத்துக்கு மாறான ஏற்பாடு இருந்தால் மட்டும்தான் கேட்காமலே சொல்ல வேண்டிய கடமை. வாடிக்கையாளரின் கடன் சரித்திரம் முழுவதையும் வங்கி ஒப்பிக்க வேண்டியதில்லை. இன்ஷூரன்ஸ் எடுப்பவன் தன் நோயைச் சொல்ல வேண்டிய மாதிரியான கடமை இங்கே இல்லை.

"அப்ப நம்ம கேஸ்?"

"தறி வாங்கத்தான் கடன்னு சொல்லி வாங்கிட்டு, வங்கியே அன்னைக்கே பழைய கணக்குக்கு எடுத்திருக்குது. வாதாடலாம். ஆனா நீங்க கூண்டில ஏறினதும் முதல் கேள்வி என்னன்னு தெரியுமா?" என்று கோப்பைத் திருப்பி என் பக்கம் வைத்தார். மூன்றாம் பக்கம். நான் போட்ட கோடு.

அவர் சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை. அவர்கள் மறைத்தார்கள் என்று சத்தியம் செய்யப் போகிறவன், அதே நாளில், அதே மேசையில், தன் கடனை மறைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். எழுதிக் கேட்ட கேள்விக்குப் பொய்யாக எழுதிய பதில் வெறும் மௌனம் ஆகாது. கடன் வாங்க உதவுவதற்காகத் தெரிந்தே தவறான விவரம் கொடுத்தால் ஏமாற்றுக் குற்றம் வரைக்கும் இழுக்க இடம் உண்டு, அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 420. வங்கி அதைக் கையில் எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்தது என் அதிர்ஷ்டம்.

வேறு சில கதவுகளும் இருந்திருக்க வேண்டும். ஜாமீன்தாரருக்குத் தெரியாமல் ஒப்பந்த நிபந்தனையை மாற்றினால் அதற்குப் பின் வரும் கடனுக்குப் பொறுப்பில்லை (133). கடன் கொடுத்தவர் தன் கையிலிருந்த ஈட்டை விட்டுவிட்டால் அதன் மதிப்புக்கு ஜாமீன்தாரர் விடுபடுவார் (141). மைத்துனன் ஒரு தறியை விற்றது வங்கிக்குத் தெரியும் என்பதால் 141-ஐப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். பிணைப் பத்திரத்தின் ஏழாவது பக்கத்தில், பொடி எழுத்தில், இந்தப் பிரிவுகளின் கீழ் வரும் உரிமைகளையெல்லாம் விட்டுக் கொடுக்கிறேன் என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தேன். பத்திரத்தின் நகல் கூட என்னிடம் இல்லை, கேட்டு வாங்கவும் இல்லை.

2022-ல் லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், முடித்துக்கொண்டோம். வட்டியோடு 11 லட்சத்துக்கு மேல் கேட்டார்கள், 6.5 லட்சத்துக்கு இறங்கினார்கள். தறிகளை விற்று அவன் 2.3 கொண்டுவந்தான். மீதி 4.2 என் ஜிபிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) சேமிப்பிலிருந்து. கடன் முடிந்ததற்கான சான்றிதழை அன்றைக்கே விடாமல் வாங்கிக்கொண்டேன், இந்த ஒரு பாடமாவது சரியான நேரத்தில் வந்தது. கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தக் கடன் என் பெயரிலும், பிணையாளர் என்ற குறிப்போடு, "செட்டில்டு" என்று நின்றது. முழுசாகக் கட்டி முடித்ததற்கும் செட்டில்டுக்கும் வித்தியாசம் உண்டு. மகளின் படிப்புக் கடனுக்கு நான் போனபோது அந்த வித்தியாசத்தை அதிகாரி விளக்கினார்.

கட்டிய பணத்தை மைத்துனனிடம் திரும்பக் கேட்கும் உரிமை 145-வது பிரிவில் இருக்கிறது. கட்டிய நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும், அதற்குள் அவன் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தக் காலக்கெடு புதிதாகத் தொடங்கும். எழுதி வாங்கினேன். மனைவிதான் தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பேனாவையும் கொடுத்தாள். மாதம் 3,000 தருகிறான், சில மாதம் விட்டுப்போகிறது.

நூல் வியாபாரி விஷயம் வேறு. அவர் வழக்குப் போடவில்லை. ஒரு நாள் பள்ளி வாசலில் நின்றார். "நீங்க சொன்னதுக்காகத்தானுங்க சார் போட்டேன்." அவ்வளவுதான். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே என்று மனசுக்குள் ஒரு சமாதானம் ஓடியது. வக்கீலிடம் கேட்டபோது அதுவும் போய்விட்டது. 126-வது பிரிவு, ஜாமீன் வாய்மொழியாகவும் இருக்கலாம் என்கிறது. இங்கிலாந்தில் 1677-லிருந்து எழுத்தில் இருக்க வேண்டும், இங்கே அப்படி இல்லை. "நான் இருக்கேன்" என்று போனில் சொன்னது ஜாமீனா வெறும் ஆறுதலா என்பது சாட்சியத்தைப் பொறுத்த விஷயம்.

ஜாமீன் என்று எடுத்துக்கொள்ளாவிட்டாலும் நான் தப்பிக்க முடியாது. 1789-ல் பாஸ்லி – ஃப்ரீமன் என்று ஒரு வழக்கு. சாயப்பொருள் வியாபாரிகள், 16 மூட்டை கொச்சினீல். வாங்க வந்தவனை நம்பிக் கடன் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, கொடுக்கலாம் என்று ஃப்ரீமன் சொன்னார், பொய் என்று தெரிந்தே. அவருக்கு அதில் ஒரு காசு லாபமில்லை, ஜாமீனும் நிற்கவில்லை. இருந்தாலும் வஞ்சித்ததற்குப் பொறுப்பாளி என்றது நீதிமன்றம். நமது ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு, சும்மா மௌனமாக இருப்பது மோசடி ஆகாது என்கிறது. ஆனால் பேச வேண்டிய கடமை உள்ள இடத்தில் மௌனமாக இருந்தாலோ, அந்த மௌனமே பேச்சுக்குச் சமமாக இருந்தாலோ அது மோசடிதான். அவர் கேட்டது நேரடிக் கேள்வி. தவணை நிற்பதை மறைத்துவிட்டு "தைரியமாப் போடுங்க" என்றவன் நான். வங்கி எனக்குச் செய்ததாக நான் கொதித்ததையே, அதைவிட மோசமாக, அவருக்குச் செய்திருக்கிறேன். வங்கியிடம் நான் கேட்கவில்லை, அதனால் அது சொல்லவில்லை. அவர் கேட்டார், நான் மாற்றிச் சொன்னேன்.

மாதம் 5,000 வீதம் 28 மாதத்தில் அவர் பணத்தைக் கட்டி முடித்தேன். வட்டி வேண்டாம் என்றுவிட்டார்.

இப்போது யாராவது ஜாமீன் கேட்டு வந்தால் நான் செய்வதைச் சொல்கிறேன். இப்போதும் வருகிறார்கள், வாத்தியார் என்றால் சம்பளச் சான்று சுத்தமாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

வந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் போனிலேயே அவருடைய கடன் அறிக்கையைத் திறக்கச் சொல்கிறேன். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள், ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். தொழில் செய்பவர் என்றால் நிறுவனத்தின் பெயரிலும் தனியாக ஓர் அறிக்கை இருக்கும், அதையும். சொத்து இருக்கிறது என்பவரிடம் வில்லங்கச் சான்று, பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருந்தால் அதில் தெரிய வாய்ப்பு அதிகம். ஆனால் இந்தக் காகிதங்களில் வராத கடன்தான் ஆளைக் கவிழ்க்கிறது. கைமாற்று, சீட்டுப் பாக்கி, வாரவட்டி, நூல்கடைக் கணக்கு. அதனால் வாயாலும் கேட்கிறேன், "சில்லறை" என்று சொன்னால் நோட்டை நீட்டி எழுதச் சொல்கிறேன். கோபப்பட்டு எழுந்து போனவர்கள் இருவர். அந்தக் கோபத்திலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வங்கியிடம் வேலை இன்னும் நுட்பமானது. வாடிக்கையாளர் ரகசியம் என்று வங்கி சொல்லும், அது நியாயமும்தான். அதனால் கடன் வாங்குபவரிடம் சம்மதக் கடிதம் வாங்கி, அதோடு என் கேள்விகளை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்க வேண்டும்: இவருக்கு உங்களிடம் ஏற்கெனவே பாக்கி உண்டா, இந்தப் புதிய கடனில் எவ்வளவு அதற்குப் போகும், ஈடு என்னென்ன, வேறு ஜாமீன்தாரர் யார். நான் கேட்காததைச் சொல்ல வங்கிக்குப் பெரிய கடமை இல்லை என்று பார்த்தோம். கேட்டதற்குத் தவறாகப் பதில் சொன்னால் விஷயம் 142-க்குள் வந்துவிடும், அங்கே நம் பிடி பலமானது. பொறுப்பு இவ்வளவு தொகைக்குத்தான் என்று எழுத முடிந்தால் எழுத வேண்டும். சிசி மாதிரி தொடர்ந்து ஓடும் கடனுக்கு நின்றிருந்தால், ஆள் சரியில்லை என்று தெரிந்த அன்றைக்கே பத்திரத்தில் அதற்கான நிபந்தனையையும் பார்த்துவிட்டு, இனிமேல் கொடுப்பதற்கு நான் பொறுப்பில்லை என்று பதிவுத் தபாலில் அனுப்பலாம், 130-வது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. கொடுத்து முடித்த கடனுக்கு அது உதவாது.

என் பக்கத்துக் கட்டத்தை இப்போது முழுதாக நிரப்புகிறேன். வீட்டுக் கடன், சொசைட்டி, யார் யாருக்கு ஜாமீன், எல்லாம். போன வருஷம் ஒரு நண்பருக்காக அப்படி எழுதிக் கொடுத்தேன். வங்கி என் ஜாமீன் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டது. ஆடிட்டர் ஆபீஸ் பையன் 2016-ல் சொன்னது சரிதான்.

சென்ற மாதம் அதே நூல் வியாபாரியிடமிருந்து போன். என் தெருவில் குடியிருக்கும் ஒரு பையன் கடனுக்கு நூல் கேட்டானாம். "பையன் எப்படிங்க சார்?"

"நல்லாத் தறி ஓட்டுவானுங்க. ஒரு ஃபைனான்ஸ்காரன் போன வாரம் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டுட்டுப் போனான், அது எனக்குத் தெரியும். எவ்வளவு பாக்கின்னு தெரியாது. அவனையே கேட்டு எழுதி வாங்கிக்கங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பாதி ரொக்கம், பாதி கடன்னு போட்டுப் பாக்குறேனுங்க" என்றார்.